தோலகட்டி வைனின் மதிப்பு

மெல்பேர்ண் வைன் கண்காட்சியில் 1962 முதல் வழங்கப்படும் ஜிம்மி வாட்சன் கிண்ணம், இன்னும் போத்தலில் அடைக்கப்படாத ஓராண்டுச் சிவப்பு வைனுக்கே நெடுங்காலம் அளிக்கப்பட்டு வந்ததுடன், 1974 முதல் 1976 வரை தொடர்ந்து வென்ற வைன் தயாரிப்பாளர் வூல்ஃப் பிளாஸின் பெயரைப் பொதுச்சந்தையெங்கும் பரப்பியது. புனித யாகப்பர் ஆலயத்தைச் சூழ்ந்து கடற்றொழிலாளர் வாழும் குருநகர் உள்ளிட்ட யாழ்ப்பாணக் கத்தோலிக்க ஊர்களிலோ, திருப்பலியில் ஒப்புக்கொடுக்கப்படும் வைனாகிய திராட்சை இரசத்துக்கு அளவுகோலாக நின்றது திருச்சபைச் சட்டமே. அது திராட்சைக் கனியிலிருந்து பெறப்பட்ட இயற்கையானதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருத்தல் வேண்டும் என்பதை இன்றைய சட்டத்தொகுப்பின் 924ஆம் விதியும் வலியுறுத்துகிறது. தோமஸ் அடிகளார் 1928இல் யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் நிறுவிய செபமாலைத் தாசர் சபையின் துறவியர், செபத்தோடு உழைப்பையும் இணைத்து, வைனும் நெல்லிரசமும் தயாரித்துப் பொதுமக்களுக்கும் விற்றனர். இத்துறவியரின் வைன்மீது மக்கள் கொண்ட, கண்காட்சிப் பதக்கத்தைவிட நிலையான நம்பிக்கையை யாழ்ப்பாணத்து உணவு வரலாற்றை எழுதுவோர் விரிவாகப் பதிவுசெய்ய வேண்டும்.