த்ரீ நாட் த்ரீயும் ஆளிவிதை எண்ணெயும்

முதல்லயே ஒரு விஷயம். நான் வக்கீல் இல்லை. பொழுது போகாமல் சட்டப் புத்தகம் படிக்கிற பொட்டி தட்டும் ஆசாமி. இதைப் படிச்சுட்டு யாராவது பரணில் கிடக்கிற தாத்தா காலத்துத் துப்பாக்கியைக் கழட்ட ஆரம்பிச்சா, கம்பெனி பொறுப்பல்ல :-)

ஆன்சைட்டுன்னு ஒஹையோ வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். எழுபது தாண்டியவர், ரிட்டயர் ஆவதற்கு முன்னால் லேத் ஓட்டினவர். பழைய ராணுவத் துப்பாக்கிகளை வாங்கி, பழைய நிலைக்குக் கொண்டு வருவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. போன சனிக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உங்க ஊர்க்காரன் ஒருத்தன் வந்திருக்கான், வந்து பாரு"ன்னு கூப்பிட்டார். யாரோ மதுரைக்காரர்னு நினைச்சுப் போனால், கராஜ் மேஜையில் ஒரு துப்பாக்கி. கட்டை சேரும் இடத்தில் இருக்கிற இரும்பு வளையத்தில் ஒரு கிரீடம், அதன் கீழே இங்கிலாந்து ராஜாவின் எழுத்துகள், அப்புறம் 'இஷாப்பூர்', அதற்கும் கீழே 1942. நம்ம த்ரீ நாட் த்ரீ!

தன்னையறியாமல் கை நீண்டது. பெரியவர் குறுக்கே கை வைத்து, "உனக்கு என்ன விசா?"ன்னு கேட்டார்.

சும்மா கேட்கவில்லை. அமெரிக்காவில் குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று 1998-ல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. வேலை விசா, படிப்பு விசா எல்லாம் இதில் அடக்கம். முறையாக எடுத்த வேட்டை லைசென்ஸ் இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. வீக்கெண்டில் நண்பர்களோடு சுடும் இடத்துக்குப் போய், வாடகைக்குத் துப்பாக்கி எடுத்து, ஃபோட்டோவும் போடுகிற நம்ம பசங்க நிறையப் பேருக்கு இது தெரியாது. மாட்டினால் விசா மட்டும் போகாது, ஜெயிலும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை என்னன்னா, காலேஜில் ரெண்டு வருஷம் என்சிசியில் இருந்தபோது இதே துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கிட்டு வெயிலில் கவாத்து பண்ணியிருக்கேன். நாலு கிலோ. தோள்பட்டை ரெண்டு நாளைக்கு வலிக்கும். அவை கவாத்துக்கு மட்டுமானவை, சுட முடியாதபடி செய்யப்பட்டவை என்பது வேறு விஷயம். ஆனால் இந்தியாவில் தனி ஆள் யாரும் சாதாரணமாக வைத்திருக்க முடியாத துப்பாக்கியை அங்கே தூக்கிக்கிட்டு நடந்தேன். கடையில் போய் வாங்கக்கூடிய ஊரில் தொட முடியாமல் நிற்கிறேன். ஏன் இப்படி என்று தேடப் போய்தான் இந்தப் பதிவு.

கதை 1857-ல் ஆரம்பிக்குது. என்ஃபீல்ட் துப்பாக்கி, கொழுப்பு தடவிய தோட்டா, சிப்பாய்கள் எழுச்சி எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படிச்சாச்சு. படிக்காதது அடுத்து நடந்தது. குண்டு சுழன்று நேராகப் போவதற்காகக் குழலுக்குள் திருகு வரிகள் வெட்டியிருப்பார்கள். அதனால்தான் அது ரைஃபிள். எழுச்சிக்குப் பிறகு, இந்தியச் சிப்பாய்களுக்கென்றே 1858 மாதிரி என்று ஒன்று செய்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதே என்ஃபீல்ட். உள்ளே வரிகளைக் கடைந்து எடுத்து வழவழ குழலாக்கிவிட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய் குறி பார்த்து அடிக்கும் தூரத்தில் பாதிகூட இந்தியச் சிப்பாயால் அடிக்க முடியாது. சட்டம் போட்டுப் பண்ண வேண்டியதை லேத்திலேயே பண்ணிட்டாங்க!

சட்டம் பின்னாலேயே வந்தது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த 1878 ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். காந்தியே இந்தச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதியிருக்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் 1907. பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிக்கு .450 அளவுத் தோட்டா. கலகக்காரர்கள் கையில் அந்தத் துப்பாக்கிகள் இருந்தன, தோட்டாதான் இல்லை. யானை, புலி வேட்டைக்கு வரும் துரைமார்களின் .450 தோட்டாக்கள் அவர்கள் கைக்குப் போய்விட்டால்? உடனே இந்தியாவுக்கும் சூடானுக்கும் .450 தடை. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? .465, .470, .475, .476 என்று பக்கத்துப் பக்கத்து அளவுகளில் புதிதாகச் செய்து தள்ளினார்கள். இன்றைக்கு யானைத் துப்பாக்கி என்றாலே .470 என்கிறார்கள். அது பிறந்ததற்கு ஒரு காரணம் இந்தியாவுக்காகப் போட்ட தடை.

அதே புத்திதான் இஷாப்பூரிலும் வேலை செய்தது. கல்கத்தா பக்கம் ஹூக்ளிக் கரையில், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் வெடிமருந்து செய்த இடத்தில், 1904-ல் வந்த ரைஃபிள் ஃபேக்டரி அது. அங்கே ராணுவத்துக்கு .303 செய்தார்கள். அதே .303-களில் சிலவற்றை எடுத்து, வரிகளைக் கடைந்து, .410 வழவழ குழலாக்கி, மேகசினில் மரத்துண்டு வைத்து அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு குண்டு மட்டும் போடும்படி போலீசுக்கும் ஜெயில் காவலுக்கும் கொடுத்தார்கள். தோட்டாவும் தனி ரகம். கடையில் கிடைக்கும் .410 வேட்டைத் தோட்டா இதில் நுழையாது. யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடினாலும் வெறும் தடிதான். 1858-ல் செய்ததையே மறுபடி செய்திருக்கிறார்கள், கூடவே தோட்டாவுக்கும் ஒரு பூட்டு.

சுதந்திரம் வந்தது. 1959-ல் புதிய ஆயுதச் சட்டம், 1962-ல் விதிகள். இன வித்தியாசம் எல்லாம் இல்லை, சரி. ஆனால் அந்த விதிகளின் முதல் அட்டவணையைப் படிச்சுப் பாருங்க. .303 அல்லது 7.62 ராணுவத் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய ரைஃபிள்கள், .410 மஸ்கட் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடியவை, இரண்டும் ஒரே பத்தியில், சாதாரண லைசென்ஸுக்கு அகப்படாத வகையில். துப்பாக்கி எவ்வளவு பழசு, யார் செய்தது என்று கேட்கவில்லை. என்ன தோட்டா உள்ளே போகும் என்பதுதான் கேள்வி. வெள்ளைக்காரன் 1907-ல் போட்ட கணக்கை நாம் அப்படியே வாங்கிக்கொண்டோம். 2016-ல் விதிகளைப் புதிதாக எழுதியபோதும் அந்தக் கணக்கு மாறவில்லை.

அதனால்தான் .303-க்குக் கிட்டத்தட்ட அதே போல்ட் அமைப்பை வைத்து .315 என்ற அளவில் ஒரு வேட்டைத் துப்பாக்கியை இஷாப்பூரே பொதுமக்களுக்குச் செய்து விற்றது. லைசென்ஸ் இருந்தால் அதை வாங்கலாம். அண்ணன் கூடாது, தம்பி ஓகே.

சரி, தோட்டாவே வேண்டாம், சுடவும் வேண்டாம், துருவை எடுத்து எண்ணெய் போட்டுச் சுவரில் மாட்டணும், அவ்வளவுதான் ஆசை என்கிறீர்களா? 1959 சட்டத்தின் 45-வது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. வழக்கொழிந்த மாதிரி, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது, இவற்றுக்குச் சட்டம் பொருந்தாது. படிச்சதும் சந்தோஷமா இருக்கும். பின்னாலேயே ஒரு நிபந்தனை: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக அது இருக்கணும். அதாவது ரிப்பேர் பண்ணினால் சுடும் என்ற நிலையில் இருந்தாலே விலக்கு கிடையாது. செத்த துப்பாக்கிக்கு மட்டும்தான் விடுதலை, உயிர் பிழைக்க வாய்ப்புள்ளதுக்கு இல்லை. பழுது பார்க்கிற வேலைக்கே 5-வது பிரிவில் தனி லைசென்ஸ். தடை செய்யப்பட்ட வகையை அனுமதியில்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு வருஷம், பதினாலு வரை போகலாம். எனக்குத் தெரிந்து பொழுதுபோக்குக்கு இவ்வளவு விலை வேறெதுக்கும் இல்லை.

தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெருவுக்குத் தெரு .303 இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமா இருக்கு. என் வருத்தம் வேறு. 2020 குடியரசு தினத்தோடு உத்தரப் பிரதேச போலீஸ் இந்தத் துப்பாக்கிக்கு விடை கொடுத்தது. இஷாப்பூர்த் தொழிலாளியின் கைவேலையைப் பிரித்துப் பார்த்து, எப்படிச் செய்தான் என்று கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற ஒரு மெக்கானிக்கல் பையனுக்கு நம்ம ஊரில் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியேதான் இடம். தோட்டாவில் நமக்கும் பங்கு உண்டு. நீலகிரி ரயிலில் போகும்போது அருவங்காடு ஸ்டேஷன் வருமே, அங்கே 1903-ல் தொடங்கியது கார்டைட் தொழிற்சாலை. .303 தோட்டாவுக்குள் இருந்த மருந்து கார்டைட்தான்.

இனி அமெரிக்கா. இங்கே கணக்கு வேறு. ராணுவம் கழித்துப்போட்ட துப்பாக்கிகள் 1950-களில் இங்கே தபாலில் கிடைத்தன. வேட்டைக்காரர்கள் மலிவாக வாங்கி, முன்கட்டையை வெட்டி எடை குறைத்து மான் வேட்டைக்குப் போனார்கள். 1963-ல் கென்னடியைச் சுட ஆஸ்வால்ட் தபாலில் வரவழைத்ததும் அப்படி ஒரு பழைய இத்தாலிய ராணுவத் துப்பாக்கிதான். 1968-ல் சட்டம் வந்து தபால் வியாபாரமும் ராணுவ உபரி இறக்குமதியும் நின்றன. 1984-ல் பழம்பொருள் வகைக்கு மட்டும் இறக்குமதிக் கதவைத் திறந்தார்கள். ஐம்பது வருஷம் ஆகி, அசல் உருவில் இருந்தால் பழம்பொருள். அதற்கென்று சேகரிப்பாளர் லைசென்ஸ், மூன்று வருஷத்துக்கு 30 டாலர். துப்பாக்கி நேராக வீட்டுக்கே வரும், ஆனால் வந்தது போனது எல்லாம் நோட்டில் எழுதணும். 1898 வரை செய்தவை என்றால் இந்தச் சட்டப்படி துப்பாக்கியே இல்லை, பழங்காலப் பொருள்.

பெரியவரிடம் அந்த லைசென்ஸ் உண்டு. ஆனால் இந்த 1942-க்கு அது உதவவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் முன்கட்டையை வெட்டியிருந்தான். அசல் உருவம் போச்சு, பழம்பொருள் அந்தஸ்தும் போச்சு. அதனால் கடைக்குப் போய், படிவம் நிரப்பி, பின்னணி விசாரணை முடித்துத்தான் வாங்கினாராம். வாங்கியதும் முதல் வேலை, போல்ட்டை மூடிக் குழலுக்குள் குச்சி விட்டு நீளம் அளந்தது. ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்குக் கீழே போனால் 1934 சட்டப்படி அது தனிப் பதிவு தேவைப்படும் ரகம். நல்லவேளை, வெட்டியவன் மரத்தோடு விட்டுவிட்டான்.

அப்புறம் அவர் காட்டிய பட்டறைப் பாடங்கள். பின்கட்டையைத்தான் முதலில் கழற்றத் தோணும். கூடாது. அதைப் பிடித்திருக்கும் நீள போல்ட்டின் சதுர முனை, முன்கட்டையில் இருக்கும் ஒரு தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. முன்கட்டையை எடுக்காமல் திருகினால் மரம் பிளந்துவிடும். நூறு வருஷமாக இப்படிப் பிளந்துகொண்டே இருக்கிறார்களாம். முன்கட்டையில் மேகசினுக்கு முன்னால் குறுக்கே ஒரு ஸ்க்ரூ இருந்தது. மரம் விரியாமல் இருக்க இந்தியாவில் போட்டது, இங்கே சேகரிப்பாளர்கள் அதை 'இஷாப்பூர் ஸ்க்ரூ' என்றே சொல்கிறார்கள். தெரியாதவர்கள் யாரோ செய்த ஒட்டுவேலை என்று அடைத்துவிடுவார்களாம்.

போல்ட்டில் இருக்கும் எண்ணும் உடம்பில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்கணும். வேறு வேறு என்றால், தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளியைக் கேஜ் வைத்து அளக்காமல் சுடவே கூடாது. அதிகமாக இருந்தால் பித்தளைக் கூடு கிழியும். பழைய ராணுவத் தோட்டாக்களின் எரியூட்டி உப்பை விட்டுச் செல்லும், உப்பு ஈரத்தை இழுக்கும். எண்ணெய் போட்டால் போகாது, கொதிக்கிற வெந்நீரைக் குழலில் ஊற்றினால்தான் கரையும். நம்ம ஊர் ரசம் பாத்திரம் கழுவுகிற லாஜிக்தான்.

எண்ணைச் சுரண்டக் கூடாது, அது இங்கே பெரிய குற்றம். மரத்தில் உப்புத்தாள் போடக் கூடாது, அது அவரைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய குற்றம். "ஒவ்வொரு முத்திரையும் ஒரு ஆளுடைய கையெழுத்து. தேய்ச்சா அவன் செத்துடுவான்"னு சொன்னார். யாரோ இஷாப்பூர்ப் பரிசோதகர், 1942-ல் ஓகே சொல்லிக் குத்திய முத்திரையைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். கொஞ்ச நேரம் ரெண்டு பேருமே பேசவில்லை.

கிளம்பும்போது, "இந்த நாட்டுச் சட்டத்துக்கு இது மட்டும்தான் துப்பாக்கி"ன்னு போல்ட் ஓடுகிற இரும்பு உடம்பைத் தொட்டுக் காட்டினார். அதில்தான் எண் இருக்கு, அதைத்தான் நான் தொடக் கூடாது. மற்றதெல்லாம் உதிரி பாகம். உடம்பையும் குழலையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். வெட்டுப்பட்டதற்குப் பதிலாக எங்கிருந்தோ தேடி வாங்கிய பழைய முன்கட்டையை என் கையில் கொடுத்தார். காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய், பழைய பனியன் துணி. உள்ளங்கையால் தேய்க்கணும், சூடு ஏறினால்தான் உள்ளே இழுக்கும்.

ரெண்டு கோட் முடிச்சாச்சு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வாரம் காயணும். வர சனிக்கிழமை மூணாவது.