‘தண்ணி உட்டுட்டாங்க’: கொங்கு ஆறுகளில் பரிசல் பாதுகாப்பும் வெள்ள எச்சரிக்கையும், 1924 முதல்

பவானிக் கரையிலும் காவிரிக் கரையிலும் ஆறு பெருகுவதைச் சொல்ல இரண்டு விதமான பேச்சு உண்டு. ‘ஆத்துல தண்ணி வந்துருச்சு’ என்பது ஒன்று. ‘தண்ணி உட்டுட்டாங்க’ என்பது இன்னொன்று. முதலாவதில் தண்ணீரே எழுவாய். அது தானாக வருகிறது. இரண்டாவதில் தண்ணீர் செயப்படுபொருளாகிவிட்டது. யாரோ அதை விடுகிறார்கள், விடுகிறவர்கள் கண்ணுக்கெட்டாத தொலைவில் இருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலும் பவானியிலும் பூலாம்பட்டியிலும் இன்று காதில் அதிகம் விழுவது இரண்டாவதுதான். கொங்கு நாட்டு ஆறுகளுக்கு நூறாண்டுகளில் நேர்ந்த மாற்றம் இந்த வினைச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. மழை கொண்டுவந்த வெள்ளம், அணைகள் எழுந்தபின் ஓர் அலுவலகத்தில் எடுக்கப்படும் முடிவாயிற்று. முடிவென்றால் அதை ஒருவர் சொல்லியாக வேண்டும். யார் சொல்கிறார், எந்த வழியில் சொல்கிறார், கேட்டவர் திருப்பிப் பேச முடிகிறதா என்பவற்றில்தான் பரிசலில் போகிறவரின் உயிர் தங்கியிருக்கிறது.

அணைக்கு முந்தைய ஆற்றில் பரிசல் ஓட்டிக்கான எச்சரிக்கை தண்ணீரிலேயே வந்தது. நிறம் கலங்கும், செம்மண் கரைசல் ஏறும், நுரையும் சருகும் மிதந்து வரும், பாறை இடுக்குகளில் இரைச்சல் மாறும். மூங்கில் சட்டத்தின் மேல் தோல் போர்த்திய வட்டக் கலம் அது. இப்போது தோலுக்குப் பதில் தார் பூசிய பிளாஸ்டிக் விரிப்பு, சில இடங்களில் கண்ணாடி இழை. முன்புறம் பின்புறம் என்று எதுவும் கிடையாது, சுக்கானும் கிடையாது. நீரோட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர் கையில்தான் அது கரை சேரும். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. 1924 ஜூலையில் தென்மேற்குப் பருவமழை காவிரிப் படுகை முழுவதையும் புரட்டிப்போட்டது. கேரளத்தார் கொல்லம் ஆண்டு 1099ஐக் கொண்டு ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று நினைவுகூர்வதும் அதே மழையைத்தான். அவ்வளவு பெரிய வெள்ளத்தின் முன் எந்தப் பரிசல் ஓட்டியின் அறிவும் போதாது.

ஆட்சியாளர்கள் ஆற்றுத்துறையை வேறு கண்ணால் பார்த்தார்கள். சென்னை மாகாணத்தின் கால்வாய்கள், பொதுப் படகுத்துறைகள் சட்டம் 1890ஆம் ஆண்டைச் சேர்ந்தது. துறை என்பது வருவாய் தரும் இடம், அதன் உரிமையைக் குத்தகைக்கு விடலாம் என்ற பார்வை அக்காலத்தது. பரிசல் துறைகளை ஏலம் விடும் வழக்கம் ஊராட்சி ஒன்றியங்களின் வழியே நம் காலம்வரை தொடர்கிறது. 1917இல் வந்த உள்நாட்டுக் கலங்களுக்கான சட்டமோ நீராவிப் படகுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எந்திரமில்லாத பரிசல் அதன் கண்ணில் படவில்லை. அதற்குப் பதிலாக வந்த 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் எந்திரமில்லாக் கலங்களைப் பதிவுக்குள் கொண்டுவரும் அதிகாரம் இடம்பெற்றது. பரிசலை ஒரு கலமாகவே மதிக்கச் சட்டம் நூறாண்டு எடுத்துக்கொண்டது.

மதகு எழுந்த காலம்

மேட்டூர் அணையின் வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. 120 அடி நீர்மட்டம், 93.47 டிஎம்சி கொள்ளளவு. உபரிநீர் வெளியேற அமைந்த போக்கியை மக்கள் 16 கண் மதகு என்று அழைத்தார்கள். பவானியின் குறுக்கே பவானிசாகர் அணைக்கு 1948இல் அடித்தளம் இட்டு 1950களின் நடுவில் கட்டி முடித்தார்கள். 105 அடி, 32.8 டிஎம்சி. அதற்கும் மேலே, மலையை விட்டு ஆறு இறங்கும் இடத்தில், குந்தா நீர்மின் திட்டத்தின் பகுதியாகப் பில்லூர் அணை அமைந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவி செய்த திட்டம் அது.

இந்த மூன்றில் பில்லூரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மேட்டூரும் பவானிசாகரும் பாசனத்துக்கான பெரும் தொட்டிகள். நிரம்ப நாளாகும், நிரம்புவது ஊருக்கே தெரியும். வானொலிச் செய்தியில் மேட்டூர் நீர்மட்டத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இங்கே இருக்கிறது. பில்லூர் அப்படியல்ல. முழு மட்டம் 100 அடிதான். 97 அடியைத் தொட்டதும் வரும் தண்ணீரை அப்படியே திறந்துவிடுகிறார்கள். மழையில்லாத நாளிலும் மின் உற்பத்திக்குத் தண்ணீர் ஓடும். மின் தேவை எப்போது கூடுகிறதோ அப்போது ஆறும் ஏறும். மேட்டுப்பாளையத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இராது, முழங்கால் அளவுத் தண்ணீரில் குழந்தைகளோடு குளிக்கும் குடும்பம் சற்று நேரத்தில் நடு ஆற்றுப் பாறையில் சிக்கிக்கொள்ளும். ஊட்டிக்குப் போகும் வழியில் ஆற்றைக் கண்டு வண்டியை நிறுத்தியவர்களுக்கு இது தெரிய வழியில்லை. நிறம், நுரை, சருகு என்ற பழைய அடையாளங்களும் உதவா, ஏனெனில் இது புதுமழைத் தண்ணீரன்று. அணையில் தெளிந்து நின்ற தண்ணீர்.

ஆற்றின் பேச்சை அணை நிறுத்திவிட்டது. அந்தப் பேச்சுக்கு ஈடாக வந்தது என்ன? மாவட்ட ஆட்சியரிடமிருந்து வட்டாட்சியர், அவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலர், அவரிடமிருந்து தலையாரி, கடைசியில் தண்டோரா. பின்னர் தண்டோராவின் இடத்தில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி, அபாயச் சங்கு, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப். கருவிகள் மாறின, திசை மாறவில்லை. செய்தி எப்போதும் மேலிருந்து கீழே வந்தது. ‘இப்போது என் பரிசலில் இத்தனை பேர், நடு ஆற்றில் இருக்கிறேன், கால் மணி பொறுங்கள்’ என்று கீழிருந்து ஒருவர் மேலே சொல்லும் வழி இந்தத் தொண்ணூறு ஆண்டுகளில் எழவில்லை.

கடல் கற்ற பாடம்

கடலில் வழி எழுந்தது. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது அருகில் கலிஃபோர்னியன் என்ற கப்பல் நின்றிருந்தது. அதன் வானொலி இயக்குநர் உறங்கப் போயிருந்தார். அதன் பிறகே, 1914இன் கடற்பாதுகாப்பு உடன்படிக்கை தொடங்கி, கேட்பதற்கென்றே ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்ற முறை வேரூன்றியது. இன்று உலகெங்கும் கடலில் 156.8 மெகாஹெர்ட்ஸ், அதாவது 16ஆம் அலைத்தடம், ஆபத்துக் குரலுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கரையோர விடுமுறை ஊர்களில் இந்த அலைத்தடத்தைக் காதுகொடுத்துக் கேட்பவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். அங்கு 1937இல் தொடங்கிய கரையோரக் காவல் அமைப்பும் வேறு சில அமைப்புகளும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2009இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. அவர்களின் வேலைமுறை மிக எளிது. படகு கிளம்பும்போது எத்தனை பேர், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வானொலியில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரத்தில் ‘வந்துவிட்டோம்’ என்ற குரல் கேட்காவிட்டால் தேடல் தொடங்கும். இங்கே மௌனமே அபாய அறிவிப்பு. இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உதவி கேட்க வாய்ப்பே கிடைக்காதவரையும் அது கணக்கில் கொள்கிறது.

தமிழ்க் கரையில் இந்த வரலாறு வேறு பாதையில் போயிற்று. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரை மையமாக வைத்து ஊர்களைத் தொலைபேசியாலும் இருவழி வானொலியாலும் இணைத்தார்கள். ஊர் மையங்களை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள், பலர் பெண்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, கட்டுமரம் இறக்குவதற்கு முன் ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில், நல்லவாடு ஊரைச் சேர்ந்த, சிங்கப்பூரில் இருந்த ஓர் இளைஞர் தொலைக்காட்சியில் செய்தி கண்டு ஊருக்குத் தொலைபேசினார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது. சுமார் 3,600 பேர் கடற்கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். ஆறாண்டுகளாகத் தினமும் அலை உயரம் சொல்லிவந்த முறையின் பிள்ளைதான் அந்த ஒலிபெருக்கி என்பதை நாம் மறந்துவிடுகிறோம். முன்பின் கேட்டிராத குரல் அன்று ஓடச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் ஓடியிருப்பார்கள்?

அதே நாளில் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலியாளர், உலக வானொலி அன்பர்களோடு பேசுவதற்காக அமைத்திருந்த நிலையத்தை மீட்புச் செய்தி நிலையமாக மாற்றினார். தொலைபேசிகள் அறுந்துகிடந்த அந்தமானிலிருந்து உறவினர்களுக்குச் செய்தி போனது இப்படித்தான். 2016 ஆகஸ்ட் 15இல் பாம்பனில் 90.4 பண்பலையில் ‘கடல் ஓசை’ ஒலிக்கத் தொடங்கியது. மீனவர்களுக்கென, மீனவர் பேச்சில் நடக்கும் சமுதாய வானொலி.

ஒக்கி புயல் இந்த வளர்ச்சியின் இடைவெளியைக் காட்டியது. 2017 நவம்பர் 30இல் அது புயலாக வலுத்தபோது தூத்தூர் வட்டார ஆழ்கடல் விசைப்படகுகள் கரையிலிருந்து வெகுதொலைவில் இருந்தன. மீயுயர் அதிர்வெண் (VHF) வானொலி நேர்கோட்டில் செல்வது. பூமியின் வளைவைத் தாண்டாது. கரையிலிருந்து குரல் எட்டவில்லை. 2010 வாக்கில் வந்த இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவியும் ஒருவழிதான்: பொத்தானை அழுத்தினால் செய்தி போகும், யாருக்காவது கேட்டதா என்று தெரியாது. 2019இல் வந்த ஜெமினி என்ற கருவி நேர்மாறு, அது கேட்க மட்டும் செய்யும். 2024 ஜனவரியில் அறிமுகமான இரண்டாம் தலைமுறை ஆபத்துக் கருவியில்தான் ‘உங்கள் செய்தி வந்து சேர்ந்தது, உதவி வருகிறது’ என்ற மறுமொழி படகுக்குத் திரும்பி வந்தது. கடலில் தவிப்பவனுக்கு அந்த ஒரு வரி எத்தனை பெரிய ஆறுதல் என்பதைப் பொறியியல் கணக்கில் எழுத முடியாது.

மீண்டும் ஆற்றுக்கு

கொங்கின் ஆறுகளில் இன்றும் கலங்கள் ஓடுகின்றன. சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டிக்கும் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவே கதவணைத் தேக்கத்தில் விசைப்படகு. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடிக்கும் நாகமரைக்கும் நடுவே படகுத்துறை. பில்லூர் நீர்த்தேக்கத்தின் பரளிக்காட்டில் வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்தும் சுற்றுலாப் பரிசல். மாயாற்றில் தெங்குமரஹாடாவின் அன்றாடப் பரிசல். பரளிக்காட்டில் உயிர்காப்பு மேலாடை கட்டாயம். மேட்டுப்பாளையத்தில் கோவை மாவட்டக் காவல்துறை உயிர்காப்புக் குழுவை அமைத்திருக்கிறது. இவை மெய்யான முன்னேற்றங்கள், இவற்றால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மேலாடை விழுந்தபின் காப்பது. நீச்சல் வீரர் முழுகியபின் இழுப்பவர். மதகு இயக்குபவருக்கும் துடுப்புப் பிடிப்பவருக்கும் நடுவே உள்ள வெற்றிடம் அப்படியே இருக்கிறது.

அதை நிரப்பப் பெரிய செலவு வேண்டாம். 446 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் குறைந்த திறன் கையடக்க வானொலிகளுக்கு இந்தியாவில் 2018 முதல் உரிமம் தேவையில்லை. மலை மறைக்கும் நீண்ட தொலைவுக்கு அவை எட்டமாட்டா. ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்கும், கரையிலிருந்து நடு ஆற்றுக்கும் எட்டும். துறைதோறும் ஒரு நோட்டுப் புத்தகம்: எத்தனை பேர் ஏறினார்கள், எப்போது கிளம்பினார்கள், எப்போது திரும்பினார்கள். மதகு திறப்பதற்கு முன் அணையிலிருந்து முதல் துறைக்குக் குரல் வர வேண்டும், ‘ஆற்றில் யாரும் இல்லை’ என்ற பதில் அங்கிருந்து போக வேண்டும், பிறகே மதகு உயர வேண்டும். துறையில் உட்கார்ந்து கேட்கும் வேலையை ஊர் இளைஞர்கள் முறைவைத்துச் செய்யலாம். ஆடி 18க்குப் பவானிக் கூடுதுறையில் கூட்டத்தை ஒழுங்குசெய்யத் தாமாக வந்து நிற்கும் ஊர் இது. ஆள் கிடைக்காமல் போகாது.

தெங்குமரஹாடாவுக்குப் பவானிசாகரிலிருந்து காட்டு வழியே போகும் பேருந்து மாயாற்றங்கரையோடு நின்றுவிடும். அதற்கு மேல் பரிசல்தான். மாயாற்றின் மேலேயும் நீர்மின் நிலையங்கள் உண்டு. மழையில்லாமல் தண்ணீர் ஏறுவது இங்கும் உண்டு. இறங்கியவர் கைகளைக் குவித்து அக்கரையைக் கூப்பிடுகிறார். அங்கிருந்து பரிசல்காரர் பதில் குரல் கொடுத்து, எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு, ஆற்றை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் துடுப்பை எடுக்கிறார்.