உண்டாங் தேர்வும் சாலை விதிகளின் வரலாறும்



தோட்டத்துப் பிள்ளைகள் வளர்ந்து ஆளானதும் நாடுகின்ற முதல் அரசாங்கப் பத்திரம் பெரும்பாலும் வாகனமோட்டும் லைசென்ஸாகத்தான் இருக்கிறது. 16 வயதில் மோட்டார் சைக்கிளுக்கும் 17 வயதில் காருக்கும் பழகுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு முதற்படி, நாம் 'உண்டாங்' என்று சொல்லும் விதிமுறைத் தேர்வாகும். 50 கேள்விகளில் 42க்காவது சரியான விடை தர வேண்டும். பலர் கேள்வி பதில்களை உருப்போட்டு ஒப்பித்துவிட்டு, மறுநாளே மறந்துவிடுகிறார்கள். இந்த விதிகள் பிறந்த வரலாற்றை அறிந்துகொண்டால் மனப்பாடம் தேவைப்படாது.

நம் நாட்டுச் சாலை விதிகளுள் பல ஆங்கிலேயர் ஆட்சியோடு வந்தவை. நாம் இடப்பக்கமாக ஓட்டுவதும் அதனால்தான். ஆகவே, முதலில் பிரிட்டனுக்குச் செல்வோம்.

1865ஆம் ஆண்டில் அங்கு ஒரு சட்டம் வந்தது. சாலையில் ஓடும் நீராவி வண்டி நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கு மேலும், நகரத்தில் 2 மைலுக்கு மேலும் செல்லக் கூடாது. வண்டிக்கு 60 கெஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியுடன் நடந்து செல்ல வேண்டும். இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் குதிரைகளும் கால்நடைகளும் மிரளாமல் இருக்க அன்று செய்த ஏற்பாடு அது.

1868இல் லண்டன் நாடாளுமன்றத்தின் அருகே முதல் சமிக்ஞை விளக்கை நிறுத்தினார்கள். ரயில் பாதையின் கைகாட்டியைப் பார்த்து, ரயில்வே பொறியாளர் ஒருவர் அமைத்தது அது. எரிவாயுவில் எரிந்த அந்த விளக்கு சில வாரங்களிலேயே வெடித்து, அதை இயக்கிய போலீஸ்காரர் காயமுற்றார். ஆயினும், சிவப்பு என்றால் நில் என்ற பாடம் ரயிலிலிருந்து சாலைக்கு வந்து நிலைத்துவிட்டது.

1896 ஆகஸ்டு மாதம் லண்டனில் பிரிஜெட் டிரிஸ்கால் என்ற மாது கார் மோதி உயிரிழந்தார். பிரிட்டனில் இவ்வாறு இறந்த முதல் பாதசாரி அவரே. அதே ஆண்டின் பிற்பகுதியில், கார்களுக்கு முன்னே ஆள் நடக்க வேண்டும் என்ற விதி நீக்கப்பட்டு, வேக வரம்பும் உயர்த்தப்பட்டது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் வண்டிக்குப் பதிவு எண்ணையும் ஓட்டுபவருக்கு லைசென்ஸையும் கட்டாயமாக்கியது. ஆனால் தேர்வு எதுவும் இல்லை. 5 ஷில்லிங் கட்டியவர்க்கெல்லாம் லைசென்ஸ் கிடைத்தது!

இதன் விளைவு என்ன? வண்டிகள் பெருகின, சாவும் பெருகியது. 1931இல் ஒரு பென்னி விலையில் சாலை விதிக் கையேடு ஒன்றை அரசு வெளியிட்டது. அதுவும் போதவில்லை. 1934ஆம் ஆண்டில் மட்டும் 7,343 பேர் பிரிட்டன் சாலைகளில் மாண்டார்கள். அதன் பிறகுதான், 1935 ஜூன் முதல் தேதியன்று, ஓட்டுநர் தேர்வு கட்டாயமாயிற்று. பழகுபவர் வண்டியில் 'எல்' பலகை மாட்டும் வழக்கமும் அந்த ஆண்டு வந்ததே. இன்று நம் பிள்ளைகள் மாட்டுவதும் அதே பலகைதான்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்குள்ள சடக்குகளையும் தண்டவாளங்களையும் போட்டவர்களில் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் பலர். மண் வெட்டியும் கல் சுமந்தும் சாலை அமைத்த அவர்களுள் மிகப் பலர் வாழ்நாள் முழுதும் அதில் கால்நடையாகவே போனார்கள். 1958ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதன் இடத்தில் 1987ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. இடையில் 1973இல் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசமும், 1979இல் காரின் முன் இருக்கையில் இருப்போர்க்கு இருக்கை வாரும் கட்டாயமாயின. பின் இருக்கைக்கு அந்த விதி 2009இல் வந்தது. மக்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

இனி, தேர்வுக்குப் படிக்கும் முறையைச் சொல்வோம். ஒவ்வொரு விதியைப் படிக்கும்போதும் 'ஏன்?' என்று கேளுங்கள். நிறுத்தப் பலகைக்கு மட்டும் எட்டு மூலைகள் ஏன்? எழுத்து மறைந்திருந்தாலும், பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும், வடிவத்தைக் கொண்டே அறியலாம். முன் வண்டிக்கு இடைவெளி விடுவது ஏன்? மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது, ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு விநாடி கழிந்தாலும் வண்டி சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். காரணம் தெரிந்தவன் கேள்வியை எப்படி மாற்றிக் கேட்டாலும் தடுமாற மாட்டான்.

பலகைகளில் உள்ள மலாய்ச் சொற்களையும் பொருளோடு படியுங்கள். 'பெர்ஹெந்தி' என்றால் நில். 'பெரி லாலுவான்' என்றால் வழிவிடு. 'அவாஸ்' என்றால் எச்சரிக்கை. 'குராங்கான் லாஜு' என்றால் வேகத்தைக் குறை. 'லென்சோங்கான்' என்றால் மாற்றுவழி. வீட்டில் ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லிப் பழகலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்கலாமே!

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. "தோட்டத்துக்குள்தானே ஓட்டுகிறான்" என்று லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுக்காதீர்கள். செம்மண் பாதை முடிகிற இடத்தில் பெரிய சாலை தொடங்குகிறது. அங்கே செம்பனை லாரியும் பேருந்தும் விரைந்து வருகின்றன. நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அந்த 50 கேள்விகளும் நம்மை மடக்குவதற்காக யாரோ உட்கார்ந்து புனைந்தவை அல்ல. அவற்றின் பின்னால் யாரோ ஒரு தாய் பறிகொடுத்த பிள்ளை இருக்கிறான். அவர்கள் கொடுத்த விலையில் நாம் பாடம் படிக்கிறோம். லைசென்ஸ் பெற்றால் லாரி ஓட்டலாம், பேருந்து ஓட்டலாம், குடும்பத்தை உயர்த்தலாம். ஆனால் பிள்ளை பத்திரமாக வீடு திரும்பினால்தான் அவையெல்லாம் பயன் தரும். ஆகவே, பொருள் உணர்ந்து படிப்போம், படித்தபடி நடப்போம்.