கிட்டங்கியில் உருவான வணிக ஆசான்கள்

வணிகம் செய்வோருக்கு வழிகாட்டுவோரை இன்று ‘வணிகப் பயிற்சியாளர்’ என்கின்றனர். அப்பயிற்சியாளரை உருவாக்கவும் வகுப்புகள் உண்டு, சான்றிதழ்களும் உண்டு. ஆயினும், கற்பிப்பவனுக்குக் கற்பிப்பது யார் என்னும் கேள்வி புதியதன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்த தமிழ் வணிகர் ஒரு காலத்தில் அதற்குத் தக்க விடை கண்டிருந்தனர்.

1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் எழுந்தது. ஈயமும் ரப்பரும் பெருகப் பெருக முதல் தேவைப்பட்டது. அதனைக் கடனாகக் கொடுத்தோருள் செட்டிநாட்டு நகரத்தார் குறிப்பிடத்தக்கவர். கோலாலம்பூரின் லெபோ அம்பாங் வீதி அவர்களுடைய தொழிலகங்களால் பெயர் பெற்றது.

அத்தொழிலகமே ‘கிட்டங்கி’ எனப்பட்டது. நீண்ட கூடம் ஒன்றில் பல கடையினர் தத்தம் கைப்பெட்டியுடன் பாய் விரித்து அமர்ந்திருப்பர். பணம் கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்த அந்த இடமே பள்ளிக்கூடமாகவும் விளங்கிற்று.

இளம் வயதிலேயே கப்பலேறி வந்த சிறுவன் ‘பெட்டியடிப் பையன்’ ஆவான். கடையைக் கூட்டுவது, கடிதம் கொண்டு செல்வது போன்ற ஏவல்களைச் செய்துகொண்டே அவன் தொழிலைக் கண்ணால் கற்றான். முந்திரி என்பது 320இல் ஒன்று. காணி என்பது 80இல் ஒன்று. மா என்பது 20இல் ஒன்று. இத்தகைய கீழ்வாய் எண்களை மனத்திலேயே பெருக்கவும் வகுக்கவும் வல்லவனானால்தான் வட்டிக் கணக்கு கைவரும். அடுத்த படியில் அவன் ‘அடுத்தாள்’ ஆகிப் பேரேடு எழுதினான், ஐந்தொகை எடுத்தான், கடன் கேட்டு வருவோரின் நாணயத்தை எடைபோடப் பழகினான். இவற்றில் தேறியவனே கடையின் முழுப்பொறுப்பையும் ஏற்கும் ‘மேலாள்’ ஆக இயலும்.

இம்மேலாளே அடுத்து வரும் பையன்களுக்கு ஆசான். அவருக்கெனத் தனிப் போதனாமுறை வகுப்பு எதுவும் இல்லை. தாம் ஏறி வந்த படிகளே அவருடைய ஆசிரியப் பயிற்சி. பையன் பிழைபட எழுதிய கணக்கு செட்டிநாட்டிலுள்ள முதலாளிக்குச் செல்லுமாயின், விடை கூற வேண்டியவர் மேலாளே. தவணை பெரும்பாலும் மூன்றாண்டு. அது முடிந்ததும் அவர் பொறுப்பை ஒப்படைத்து ஊர் திரும்புவார். ஆகவே, தமக்குப் பின்னும் கடை நடக்கும்படி ஆட்களைப் பழக்குவது தொழிலின் தேவையாகவே இருந்தது. மாணவனின் தவற்றால் தமக்கும் இழப்பு உண்டு என்பதை அறிந்த ஆசிரியர் அவர்.

இம்முறை நெடுநாள் நிலைக்கவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி நிலவியது. 1951இல் கடன் கொடுப்போர் சட்டம் பிறந்தது. 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டமோ புதியவர் வருகையைக் கட்டுப்படுத்தியது. பையன் வந்தால்தானே மேலாள் திரும்ப இயலும்? சுழற்சி தளர்ந்தது, அதனோடு கல்வியும் தளர்ந்தது.

இம்முறையின் குறையையும் மறைப்பதற்கில்லை. கிட்டங்கிக் கல்வி பெரும்பாலும் ஒரு சமூகத்தார்க்கே உரியதாயிருந்தது. பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகளில் தோட்டத்துப் பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் கற்றனர். ஆனால் அக்கணக்கைக் கொண்டு கடை நடத்தும் வழியைக் காட்டுவார் இல்லை. ஒரே பள்ளத்தாக்கில், ஒரே மொழி பேசியோரிடையே, ஒரு பகுதியார் பெற்ற தொழிற்கல்வி மற்றொரு பகுதியார்க்கு எட்டாமலே போயிற்று.

இன்று வணிகப் பயிற்சியாளரை உருவாக்க முனைவோர் இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்தல் நலம். கற்பிக்க வருபவர் தொழிலின் அடிப்படியிலிருந்து ஏறியவராகவும், மாணவனின் இழப்பைத் தம் இழப்பாகக் கருதுபவராகவும் இருத்தல் வேண்டும். இது கிட்டங்கியிடமிருந்து கொள்ள வேண்டியது. அங்குத் திறவாதிருந்த கதவைத் தோட்டத்துப் பிள்ளைகளின் பேரர்க்கும் திறந்து வைத்தல் வேண்டும். இது நாம் புதிதாகச் செய்ய வேண்டியது.