மாற்று நுரையீரல் செயலிழப்பை முன்னறிதல்

கொடையாகப் பெற்ற நுரையீரல், பொருத்தப்பட்ட சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ மெல்லமெல்லத் தன் திறனை இழப்பது நாட்பட்ட மாற்று நுரையீரல் செயலிழப்பு எனப்படும். பெறுநர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் இது ஏற்படுகிறது. இழந்த திறன் மீள்வது அரிது. ஆகவே முன்கூட்டியே கண்டறிய உதவும் உயிரிக்குறிப்பான்கள் முதன்மை பெறுகின்றன.

வரலாறு

1963-இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக மனிதருக்கு நுரையீரலை மாற்றிப் பொருத்தினார். நோயாளி 18 நாட்கள் வாழ்ந்தார். சைக்ளோஸ்போரின் மருந்து வந்தபின், 1983-இல் டொரொன்டோவில் ஜோயல் கூப்பர் சிகிச்சையளித்தவர் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

ஆயுள் நீண்டதும் புதிய சிக்கல் வெளிப்பட்டது. பெறுநர்களின் சிறு மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபடுவதை 1984-இல் ஸ்டான்போர்டு மருத்துவர்கள் விவரித்தனர். தழும்பு திட்டுத்திட்டாகப் பரவுவதால், ஊசிமுனையளவு திசுத் துணுக்கில் அது அகப்படாமல் போகலாம். எனவே 1993-இல் மூச்சின் அளவே அடையாளமாக வரையறுக்கப்பட்டது. முதல் நொடியில் ஊதும் காற்று, சிகிச்சைக்குப் பின் எட்டிய சிறந்த அளவிலிருந்து 20 சதவீதம் குறைந்தால் செயலிழப்பு எனக் கொள்ளப்பட்டது. ஆனால் அந்த அளவு குறையும்போது சேதம் ஏற்கெனவே நேர்ந்திருக்கும்.

குறிப்பான்கள்

கொடையாளரின் திசுவுக்கு எதிராகப் பெறுநரின் குருதியில் உருவாகும் எதிர்ப்புரதங்கள் ஒரு குறிப்பான். நுரையீரலைக் கழுவியெடுத்த நீரில் உள்ள அழற்சிப் புரதங்கள் மற்றொன்று. மூன்றாவது, சிதையும் செல்களிலிருந்து குருதியில் கலக்கும் கொடையாளரின் டி.என்.ஏ. முதல் மூன்று மாதங்களில் இது மிகுந்திருந்தவர்களுக்குப் பின்னர் நுரையீரல் பழுதடையும் வாய்ப்பு அதிகம் என 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. தொற்று ஏற்பட்டாலும் இது உயரும் என்பதால் இதை மட்டும் கொண்டு முடிவெடுப்பதில்லை.

தமிழ்நாட்டில்

இந்தியாவின் முதல் இதய–நுரையீரல் மாற்று சிகிச்சையை 1999-இல் சென்னையில் கே. எம். செரியன் செய்தார். 2008-இல் தமிழக அரசு மூளைச்சாவுக் கொடையாளர் உறுப்பு மாற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. 2020 ஆகஸ்டில் கொரோனாவால் நுரையீரல் சிதைந்த ஒருவருக்குச் சென்னை எம்.ஜி.எம். மருத்துவமனையில் இரு நுரையீரல்களும் மாற்றப்பட்டன.

சிகிச்சைக்குப் பின் வாழ்நாள் முழுவதும் கண்காணிப்பு தேவை. முத்துக்குளித்துறைக் கடற்கரையின் தூத்துக்குடியிலிருந்து சென்னை சுமார் 600 கிலோமீட்டர். திசுப் பரிசோதனைக்காக ஒவ்வொரு முறையும் அத்தொலைவு செல்வது மூச்சுத் திணறுபவருக்கு எளிதன்று. வீட்டிலேயே ஊதிப் பார்க்கும் கைக்கருவியும், உள்ளூரில் எடுத்து அனுப்பும் குருதி மாதிரியும் இத்தகையோருக்கே பெரிதும் பயன்படக்கூடியவை.