மலையேறிய பருப்பு

பொட்டிபுரம் என்ற ஊரின் பெயரை நீங்கள் செய்தித்தாளில் படித்திருக்கக் கூடும். போடிநாயக்கனூருக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர் அது. மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை இசைவளித்தது இங்கேதான். எதிர்ப்பு எழுந்தது, வழக்குகள் நடந்தன, ஆய்வகம் எழவில்லை. இயற்பியல் ஆசிரியன் ஒருவன் பொட்டிபுரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நியூட்ரினோவைப் பற்றித்தான் எழுதுவான் என்று நீங்கள் எண்ணுவீர்கள். நான் எழுதப் போவது பருப்பைப் பற்றி.

என் தந்தையின் மூத்த சகோதரி, எங்களுக்குப் பெரியத்தை, இளமையில் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறியவர். பழ எடுப்புக் காலத்தில் வாரக்கணக்கில் லயத்திலேயே தங்க வேண்டும். ஊரிலிருந்து அரிசி, துவரம்பருப்பு, மொச்சை, புளி, கருவாடு எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். காலையில் வேலைக்கு இறங்குமுன் சோறும் குழம்பும் ஆகியிருக்க வேண்டும். சோறு ஆகிவிடும். பருப்பு ஆகாது. மொச்சையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மழையில் நனைந்த விறகை ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம் என்பார். “மலைத் தண்ணி சரியில்லை தம்பி, அதில் பருப்பு வேகாது” என்பது அவருடைய தீர்ப்பு. லயத்தில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் அதே தீர்ப்புத்தான்.

வாசகர்களே, இந்தத் தீர்ப்புக்கு உலகப் புகழ் பெற்ற இணை ஒன்று உண்டு. 1835ஆம் ஆண்டு மார்ச் மாதம் சார்லஸ் டார்வின் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையைக் கடந்து கொண்டிருந்தார். உயரமான இடத்தில் இரவு தங்கினார்கள். உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினார்கள். சில மணி நேரம் கொதித்தும் கிழங்கு கல்லாகவே இருந்தது. இரவு முழுவதும் பாத்திரம் அடுப்பிலேயே இருந்தது. காலையில் மீண்டும் கொதிக்க வைத்தும் பயனில்லை. அவருடன் வந்த இருவர் இதைப் பற்றித் தீவிரமாக ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பாத்திரம் புதியது, அந்தப் பாழாய்ப்போன பாத்திரத்துக்குக் கிழங்கை வேக வைக்க மனமில்லை! ஆண்டிஸில் பழி பாத்திரத்தின் மேல் விழுந்தது. ஏலமலையில் தண்ணீரின் மேல்.

உண்மைக் காரணம் டார்வினுக்குத் தெரிந்திருந்தது. காற்றழுத்தம் மாறினால் நீரின் கொதிநிலையும் மாறும் என்பதை 1724இலேயே ஃபாரன்ஹீட் கண்டறிந்திருந்தார். மேலே செல்லச் செல்ல நம்மை அழுத்தும் காற்று குறைகிறது. அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகி ஓடிவிடுகிறது. தோராயமாக 300 மீட்டருக்கு 1 பாகை செல்சியஸ் குறையும் எனலாம். மலைகளின் உயரத்தை அறியவே நீரைக் கொதிக்க வைத்துப் பார்த்த காலம் உண்டு. 1848 முதல் சிக்கிம் பகுதியில் சுற்றிய தாவரவியலார் ஜோசப் ஹூக்கர், கொதிநீரில் வெப்பமானியை வைத்துத்தான் பல இடங்களின் உயரத்தைக் கணக்கிட்டார். சமைப்பவருக்குத் தொல்லையாக இருந்த அதே விஷயம் நில அளவையாளருக்குக் கருவியாயிற்று.

போடிமெட்டு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1400 மீட்டர் உயரம். சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி வெப்பமானி ஒன்றை எடுத்துக்கொண்டு மாணவர்களுடன் அங்கே சென்று நீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தேன். 95 பாகையைச் சற்றே தாண்டி நின்றது. எங்கள் ஊரில் அதே வெப்பமானி 99க்கு அருகே காட்டும். வித்தியாசம் 3 அல்லது 4 பாகை. இதற்காகவா இவ்வளவு கூப்பாடு என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி.

அரிசியும் பருப்பும் வேகும் விதம் வேறு என்பதில் இருக்கிறது விடை. அரிசியில் பெரும்பகுதி மாவுப்பொருள். அது 65 முதல் 75 பாகையிலேயே நீரை உறிஞ்சிக் கஞ்சிப் பதமாகி விடும். ஆகவே மலையில் சோறு சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. பருப்பிலும் மாவு உண்டு. ஆனால் அதன் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்னும் பசை. இந்தப் பசை கரைந்தால்தான் பருப்பு மசியும். அது கரைய நல்ல சூடு வேண்டும். 10 பாகை குறைந்தால் கரையும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்று வைத்துக்கொண்டால், ஊரில் 40 நிமிடத்தில் மலரும் பருப்புக்கு போடிமெட்டில் 50 நிமிடத்துக்கு மேல் ஆகும். முழு மொச்சைக்கு இன்னும் எத்தனை ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். ஈர விறகில் அந்தக் கூடுதல் நேரம் என்ன பாடு படுத்தும் என்பதைக் கணக்கால் சொல்ல முடியாது.

தண்ணீர் மேல் சாற்றிய குற்றத்தையும் விசாரித்துவிடுவோம் என்று மலை ஊற்று நீரை ஒரு கேனில் கீழே கொண்டு வந்தேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு வைக்கும் கடின நீர். இரண்டிலும் ஒரே பருப்பை, ஒரே அளவில், அடுத்தடுத்த அடுப்பில் வைத்தோம். மலைத் தண்ணீர்ப் பருப்பு பத்து நிமிடத்துக்கு மேல் முந்திக்கொண்டது! வியப்பில்லை. கடின நீரிலுள்ள கால்சியம் பெக்டினை இறுக்கிப் பிணைத்து விடுகிறது. மலை ஊற்று நீரில் அது மிகக் குறைவு. அதாவது, பெரியத்தை குற்றம் சாட்டிய தண்ணீர்தான் உள்ளபடி அவருக்கு உதவி செய்துகொண்டிருந்தது. இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. பருப்பை நசுக்கிப் பார்த்த பிறகும் அரைமனத்தோடுதான் ஒப்புக்கொண்டார்.

ஆனால் அந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பக்குவங்கள் எல்லாம் தவறானவை அல்ல. மொச்சையை முதல்நாள் இரவே ஊறப்போடு, சரி. பருப்பு மலரும் வரை புளி சேர்க்காதே. முற்றிலும் சரி, புளிப்பில் பெக்டின் கரைய மறுக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விடு. நுரை அடங்கும், பொங்கி வழியாது. சோடா உப்புப் போட்டால் சீக்கிரம் வேகும் என்பதும் உண்மையே. ஆனால் பருப்பிலுள்ள தயாமின் என்ற வைட்டமின் அதில் அழிந்துபோகும். ‘முதலிலேயே உப்புப் போட்டால் பருப்பு வேகாது’ என்பதில் மட்டும் நான் பெரியத்தையோடு முரண்படுகிறேன். ஊறவைக்கும் நீரில் சிறிது சமையல் உப்புச் சேர்த்தால் அதிலுள்ள சோடியம் கால்சியத்தை வெளியேற்றி, பயறு விரைவில் வேகவே உதவுகிறது.

அவர்களுடைய பெரிய பக்குவம் ஒன்று உண்டு: பானையை மூடி, மூடிமேல் கல்லை வைப்பது. இது என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. கல் அழுத்தத்தைக் கூட்டும். அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும். கருத்து சரிதான். அளவு எப்படி? 20 செ.மீ. விட்டமுள்ள மூடியின் பரப்பு ஏறத்தாழ 314 சதுர செ.மீ. அதன்மேல் 2 கிலோ கல். ஒரு சதுர செ.மீ.க்குக் கிடைப்பது 6 கிராம் சொச்சம். கொதிநிலை உயர்வது 1 பாகையில் ஐந்தில் ஒரு பங்கு! போடிமெட்டுப் பானையைப் பொட்டிபுரத்து அழுத்தத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 35 கிலோ கல் வேண்டும். மூடியும் ஆவி கசியாமல் பொருந்த வேண்டும். கல்லால் வேறு நன்மை உண்டு. ஒரு கிராம் நீர் ஆவியாகி ஓடும்போது 540 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. மூடினால் அது மிச்சம். விறகு மிச்சம்.

கல்லின் கணக்கைத் தலைகீழாகப் போட்டவர் டெனிஸ் பாப்பின். பிரான்சில் பிறந்து லண்டன் சென்று ராபர்ட் பாயிலுடன் பணியாற்றியவர். 1679இல் கனத்த இரும்புப் பாத்திரம் ஒன்றை ராயல் கழகத்துக்குக் காட்டினார். இறுக்கி மூடிய அதனுள் எலும்பும் மென்மையாகும். வீணாகும் எலும்பு ஏழைகளுக்கு உணவாகும் என்பது அவர் எண்ணம். பாத்திரம் வெடித்துவிட்டால்? மூடியில் சிறு துளையிட்டு, அதை ஒரு நெம்புகோலாலும் எடையாலும் அடைத்தார். அழுத்தம் மிஞ்சினால் எடை தூக்கிக்கொள்ளும், ஆவி வெளியேறும். இதுவே பாதுகாப்பு வால்வு. பெரிய மூடிமேல் வீணான எடை, சிறு துளைமேல் பேராற்றல் பெறுகிறது: 3 மில்லிமீட்டர் துளையின் பரப்பு 0.07 சதுர செ.மீ.; அதன்மேல் வெறும் 70 கிராம் வைத்தாலே சதுர செ.மீ.க்கு 1 கிலோ அழுத்தம். உள்ளே எவ்வளவு சூடு என்று அறிய, மூடிமேல் ஒரு துளி நீரிட்டு, ஊசல் ஆட்டத்தை எண்ணி, எத்தனை நொடியில் உலர்கிறது என்று பார்த்தார். தோசைக்கல்லில் நீர் தெளித்துப் பார்க்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதல்ல.

1682 ஏப்ரல் 12 அன்று ராயல் கழகத்தினருக்கு அந்தப் பாத்திரத்தில் சமைத்த விருந்து நடந்தது. ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் மகிழ்ந்து எழுதி வைத்திருக்கிறார். பாப்பின் பின்னர் நீராவியால் உந்துதண்டை இயக்கலாம் என்றும் காட்டினார். ஆயினும் லண்டனில் வறுமையில், இறந்த நாள்கூடச் சரியாகத் தெரியாதபடி மறைந்தார். அவர் துளையும் எடையும் எஞ்சின்களுக்குப் போயின. அடுப்படிக்குத் திரும்ப இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நம் நாட்டில் 1910இல் வங்காளத்தைச் சேர்ந்த இந்துமாதவ் மல்லிக் ‘இக்மிக் குக்கர்’ செய்தார். அடுக்குப் பாத்திரத்தில் சோறு, பருப்பு, கறி மூன்றும் கரியடுப்பின் ஆவியில் வேகும். பயணிகளுக்குப் பெரிய வசதி. ஆனால் உயர் அழுத்தம் இல்லை. அழுத்தக் குக்கர் இந்தியாவிலேயே தயாராகத் தொடங்கியது 1959இல்: பிரெஸ்டிஜ், ஹாக்கின்ஸ் இரண்டும் அந்த ஆண்டின் குழந்தைகள்.

அதற்குச் சற்று முன்னர் மற்றொரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. எஸ். மீனாட்சி அம்மாள் என்பவர் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். ஊர்விட்டு ஊர் போன உறவினர்கள் சமையல் பக்குவம் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதுவார்கள்; அவர் எழுதி அனுப்புவார். இதை நூலாக்கும்படி உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் சொன்னார். 1951இல் ‘சமைத்துப் பார்’ முதல் பாகம் வந்தது. கைப்பக்குவம் என்று சொல்லி வந்ததை அளவாக எழுதிய துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆழாக்கும் பலமும் ஊருக்கு ஊர் வேறுபட்ட காலம் அது. மெட்ரிக் அளவைச் சட்டம் வந்ததே 1956இல்தான். வீட்டுச் சமையலை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கக்கூடிய சோதனையாக்கினார் அவர். லயத்துப் பெண்களின் பக்குவங்களை அப்படி எழுதி வைக்க யாரும் இருக்கவில்லை.

அளவைப் பற்றிய பேச்சில் என் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைச் சமையல் குறிப்புகளில் ‘மூன்று விசில் விடவும்’ என்று எழுதுகிறார்கள். விசில் காலத்தின் அலகு அல்ல. தீயைப் பெருக்கினால் ஐந்து நிமிடத்தில் மூன்று விசில். சிறுதீயில் ஒரு விசிலுக்கே கால்மணி ஆகலாம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடத்தை எண்ணுவதே சரி. வேகமாகக் கொதிக்கும் நீர் மெதுவாகக் கொதிக்கும் நீரைவிடச் சூடானதல்ல, எரிபொருள்தான் வீண் என்பதை 1790களிலேயே கவுண்ட் ரம்ஃபோர்டு வலியுறுத்தியிருக்கிறார்.

இப்போதும் போடி, தேவாரம் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் சமைத்து எடுத்துக்கொண்டு ஜீப்பில் மலைக்குப் போகிறார்கள். மேலேயே தங்குபவர்களிடம் குக்கர் இருக்கிறது. “மலையில் குக்கருக்கும் தாமதமாகுமா?” என்று பெரியத்தை கேட்டார். ஆகும், சிறிது. குக்கரின் எடை கூட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தத்தை மட்டுமே. கடல்மட்டத்தில் உள்ளே 120 பாகை என்றால் போடிமெட்டில் 117 அல்லது 118. ஊரில் 10 நிமிடம் வைக்கும் பருப்புக்கு அங்கே 12 போதும். ஆனால் பருப்பு நுரை எடைத்துளையை அடைக்காமல் பார்க்க வேண்டும்: பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, மூடுமுன் துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். இதைக் கேட்ட பெரியத்தை, தம் குக்கர் மூடியை எடுத்து வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை. துடைப்பக்குச்சி ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்தார்.