ரெய்டு: ஓர் 'ஐ' பொருள் மாறிய வரலாறு

வீட்டில் பெரிய சேமிப்பு சர்வர் அமைக்க இறங்குபவர்கள் பலர் முதலில் கேட்பது, "எந்த ரெய்டு கார்டு வாங்கலாம்?" என்பதுதான். அதற்கான விடையில் பாதி அந்தப் பெயரின் வரலாற்றிலேயே கிடக்கிறது.

ரெய்டு என்றதும் நமக்கு வருமான வரித்துறையின் சோதனை நினைவுக்கு வரும். அந்த ஆங்கிலச் சொல் 'ரோடு' என்பதன் ஸ்காட்லாந்து வடிவம். குதிரையேறிப் போய்த் தாக்குவதைக் குறித்தது. வழக்கொழிந்து கிடந்த அதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்டர் ஸ்காட் தம் எழுத்தில் மீட்டார். கணினியின் ரெய்டுக்கும் அதற்கும் ஒலியில் மட்டுமே உறவு. இது முதலெழுத்துகளைக் கூட்டிய பெயர்.

கூட்டியவர்கள் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும். 1988இல் சிகாகோவில் நடந்த சிக்மாட் மாநாட்டில் அவர்கள் அளித்த கட்டுரையின் தலைப்பிலேயே பெயரின் விரிவு இருந்தது: 'ரிடண்டன்ட் அரேஸ் ஆஃப் இன்எக்ஸ்பென்சிவ் டிஸ்க்ஸ்'. 'ஐ' என்றால் மலிவான. பெருங்கணினிகளின் ஒற்றை வட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஸ்லெட்'. அதில் 'இ' என்பது எக்ஸ்பென்சிவ், விலை கூடியது. ரெய்டு அதற்கு எதிராக நிறுத்திய பெயர். ஆகவே மலிவு என்பது அந்தப் பெயரின் உயிர்நாடி.

அவர்கள் ஒப்பிட்ட ஐபிஎம் 3380 வட்டின் விட்டம் 14 அங்குலம், கொள்ளளவு 7,500 மெகாபைட். எதிரே கானர் நிறுவனத்தின் 3.5 அங்குல வட்டு, 100 மெகாபைட். சின்னது 75 சேர்ந்தால் பெரியதற்கு ஈடு. ஆனால் ஒரு வட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், 100 வட்டுகள் சேர்ந்த அடுக்கில் 300 மணி நேரத்துக்கு ஒன்று பழுதாகும். அது இரண்டு வாரம்கூட இல்லை. அதனால்தான் முன்னால் 'ரிடண்டன்ட்' வந்தது. தேவைக்கு மேல் எழுதிவைத்த அந்த மிகைத் தகவலைக் கொண்டு, போன வட்டிலிருந்ததைத் திரும்பக் கணக்கிட்டு எடுக்கலாம். இந்த எண்ணம் பெயருக்கு முந்தியது. ஐபிஎம்மின் நார்மன் கென் ஓவுச்சி 1978இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனாலும் நிலைத்தது பெர்க்லி வைத்த பெயர்தான்.

பிறகு தொழில்துறை இதைக் கையில் எடுத்தது. வட்டு அடுக்குகளைப் பெரிய விலைக்கு விற்பவர்களுக்கு 'மலிவான' என்ற சொல் உதவாது. எழுத்து மாறாமல் பொருள் மாறியது: இன்எக்ஸ்பென்சிவ் போய் 'இண்டிபெண்டன்ட்', அதாவது தனித்தனியான. மூலப் பெயரின் கருத்தையே இது வெட்டியெறிந்தது என்பேன். நாளடைவில் ரெய்டு என்ற பெயர் ஒரு முறையிலிருந்து ஒரு கார்டுக்கும் இடம்பெயர்ந்தது. தனிச் செயலி, தனி நினைவகம், மின்சாரம் போனால் தாங்க பேட்டரி என்று வரும் கார்டு அது. தனக்குப் பின்னாலுள்ள வட்டுகளை மறைத்து ஒரே வட்டாகக் காட்டும். அடுக்கின் அமைப்பைத் தன் நிறுவனத்து முறையில் எழுதிவைக்கும். அந்தக் கார்டு போய்விட்டால் அதே இனத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும்.

இந்தக் கார்டு இல்லாமலும் முடியும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005இல் திறந்த மூலமாக வெளியிட்ட கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ், லினக்ஸின் எம்டி இரண்டும் ரெய்டு வேலையை மென்பொருளிலேயே செய்கின்றன. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு தகவல் துண்டையும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடும். அதற்கு வட்டுகள் நேரடியாகத் தெரிவது நல்லது. எனவே வேண்டியது வட்டுகளை இணைத்துக் கொடுக்கும் எச்பிஏ கார்டு மட்டுமே.

வீட்டு சர்வர்க்காரர்கள் விரும்பித் தேடிய எல்எஸ்ஐ 9211-8ஐ இந்த வகை. கடைசி 'ஐ' இன்டர்னல்: பெட்டிக்குள்ளே எட்டு இணைப்புகள். இணைப்புகளைப் பெருக்கும் எக்ஸ்பாண்டர் சேர்த்தால் 24 வட்டுகளையும் இதே கார்டில் தொங்கவிடலாம். இதன் ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள் ஓடும் மென்பொருள், இரண்டு வகை. 'ஐஆர்' என்பது இன்டெக்ரேட்டட் ரெய்டு. 'ஐடி' என்பதைப் பலர் தகவல் தொழில்நுட்பம் என்று நினைக்கிறார்கள். அது இனிஷியேட்டர், டார்கெட் என்ற ஸ்கஸி மரபுச் சொற்களின் சுருக்கம். கட்டளை இடுவது இனிஷியேட்டர், ஏற்பது டார்கெட். இந்த ஃபர்ம்வேரில் கார்டு இடையில் எதையும் மறைக்காது. அதே எஸ்ஏஎஸ்2008 சிப் உள்ள ஐபிஎம் எம்1015, டெல் எச்310 கார்டுகளையும் ஐடி ஃபர்ம்வேருக்கு மாற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

பழைய கார்டு வாங்குபவர்கள் விற்பவரிடம் ஐடி ஃபர்ம்வேர் ஏறியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சர்வர் அறையின் பலத்த காற்றோட்டத்துக்காகச் செய்தவை இவை. வீட்டுப் பெட்டியில் ஹீட்சிங்க் மேல் ஒரு சின்ன ஃபேன் கட்டாயம் வையுங்கள். ரெய்டு கார்டில் மிச்சமாகும் பணத்துக்கு இன்னொரு வட்டு வாங்குங்கள்.